மரபு ரகம் என்றால் என்ன, அதில் அப்படி என்ன ஈர்ப்பு?

ஹோரஸ் பிப்பின் என்று ஓர் அமெரிக்க ஓவியர். கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் குண்டடி பட்டு, வலது கை சரியாக இயங்காமல் போனவர். தேனீ கொட்டினால் உடல்வலி குறையும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள், அவரும் நம்பினார். பென்சில்வேனியாவில் தேனீ வளர்த்துவந்த ரால்ஃப் வீவர் என்பவரிடம் 1940களில் போவார், தேனீக்களைக் கொட்டவிட்டுக்கொள்வார். அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது பணம் இல்லை, விதைகள். அந்த விதைகளில் ஒரு மிளகாய் இருந்தது. இலையிலும் காயிலும் வெள்ளையும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். மீன் சமையலுக்குப் பயன்பட்டதால் ‘ஃபிஷ் பெப்பர்’ என்று பெயர். வீவர் இறந்த பிறகு அந்த விதைகள் வீட்டு உறைபெட்டியில் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. பிற்பாடு அவருடைய பேரன் வில்லியம் வாய்ஸ் வீவர் அவற்றைக் கண்டெடுத்து, முளைக்க வைத்து, மற்ற தோட்டக்காரர்களுக்கும் கொடுத்தார். கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்த ஒரு மிளகாய் அப்படித்தான் திரும்பி வந்தது.

மரபு ரகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். வரையறை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் வளர்த்தார், பிடித்திருந்தது, விதை எடுத்தார், இன்னொருவர் கையில் கொடுத்தார். அவரும் அதையே செய்தார். நடுவில் ஒருவர் விட்டிருந்தால்கூட நமக்கு வந்திருக்காது.

சரி, கொஞ்சம் கறாராகவே பார்ப்போம். ஒரு ரகத்தை மரபு ரகம் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். முதலாவது, அதன் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியைப் போலவே பிள்ளைச்செடியும் வர வேண்டும். காற்றோ தேனீயோ பூவே தனக்குத் தானோ மகரந்தத்தைச் சேர்த்து, எந்தத் தொழில்நுட்ப ஏற்பாடும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அதே குணத்தோடு வருவது. இரண்டாவது, அது கை மாறி வந்த ஒரு வரலாறு. எவ்வளவு பழையதாக இருக்க வேண்டும் என்பதில் ஒரே கருத்து கிடையாது. 50 ஆண்டு ஆகியிருந்தால் போதும் என்பார்கள் சிலர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். ஒரு குடும்பமோ ஊரோ காப்பாற்றி வைத்திருந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பவர்களும் உண்டு. வயதைப் பற்றிய இந்தச் சண்டையில் எனக்கு அவ்வளவாக ஆர்வமில்லை. ஆனால் முதல் நிபந்தனையை விட்டுக்கொடுக்க முடியாது. விதை தாயைப் போல வரவில்லை என்றால் அது மரபு ரகமே இல்லை.

பார்க்க விசித்திரமாக இருப்பதெல்லாம் மரபு ரகம் என்று நினைத்துவிடுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ‘கிரீன் ஸீப்ரா’ என்ற தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையில் மஞ்சள் வரி ஓடும், பழுத்தாலும் பச்சைதான். பல இடங்களில் அதை மரபு ரகம் என்று சொல்லியே விற்கிறார்கள். உண்மையில் டாம் வாக்னர் என்ற தாவர வளர்ப்பாளர் உருவாக்கி 1983இல் வெளியிட்டது அது. விதை எடுத்தால் அப்படியே வரும், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் வயது குறைவு.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது ஹைப்ரிட், அதாவது வீரிய ஒட்டுரகம். அதைப் புரிந்துகொள்ளாமல் மரபு ரகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு பெற்றோர் வரிசையைத் தனியாக, இன்னொரு பெற்றோர் வரிசையைத் தனியாக, பல தலைமுறைகள் சுத்தமாக வளர்ப்பார்கள். பிறகு இரண்டையும் கலக்கிறார்கள். அதில் கிடைக்கும் முதல் தலைமுறை விதைதான் பொட்டலத்தில் நமக்கு வருவது, ‘எஃப் 1’ என்று போட்டிருக்கும். அந்த முதல் தலைமுறை ஒரே மாதிரி, வேகமாக, வலுவாக வளரும். ஆனால் அதிலிருந்து நீங்கள் விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால், ஒளிந்திருந்த குணங்கள் எல்லாம் பிரிந்து வெளியே வரும். ஒரு செடி குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றில் சின்னக் காய், இன்னொன்றில் புளிப்புக் காய். மெண்டல் பட்டாணியில் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துச் சொன்ன அதே கணக்கு. ஆகவே ஹைப்ரிட் வளர்ப்பவர் ஒவ்வொரு பருவமும் விதை வாங்கியாக வேண்டும். மரபணு மாற்றம் என்பது இதிலிருந்து வேறு. அது ஆய்வுக்கூடத்தில் மரபணுவை நேரடியாகச் சேர்ப்பது. ஹைப்ரிட் என்பது மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ருசி எங்கே போனது?

பெரும்பாலானவர்கள் மரபு ரகத்தின் பக்கம் வருவது நாக்கு வழியாகத்தான். “சின்ன வயதில் சாப்பிட்ட தக்காளி இப்போது எங்கே?” என்ற ஏக்கத்தை வெறும் பழைய நினைவு என்று தள்ளிவிட முடியாது. அதற்குத் தாவரவியல் காரணம் இருக்கிறது.

ஒரு செடியிடம் தலைமுறை தலைமுறையாக என்ன கேட்கிறோமோ அதைத்தான் அது கொடுக்கும். வீட்டுத் தோட்டத்தில் விதை எடுப்பவர் தின்று பார்த்து, “இது நல்லா இருக்கு, இதை வைத்துக்கொள்வோம்” என்று முடிவு செய்கிறார். பெரிய சந்தைக்கு வளர்க்கும் துறை கேட்பது வேறு: லாரியில் நசுங்கக் கூடாது, எல்லாம் ஒரே நாளில் பழுக்க வேண்டும், ஒரே அளவில் இருக்க வேண்டும், கடைத்தட்டில் இரண்டு வாரம் நிற்க வேண்டும். 1960களில் கலிஃபோர்னியாவில் தக்காளியைப் பறிக்க இயந்திரம் வந்தபோது, அந்த இயந்திரத்துக்குத் தோதாகத் தக்காளியையே மாற்றினார்கள். தடித்த தோல், கெட்டியான சதை, ஒரே சமயத்தில் பழுக்கும் குட்டைச் செடி. டேவிஸில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இயந்திரத்தை வடிவமைத்தவர்களும் செடியை வளர்த்தவர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள். இந்தப் பட்டியலில் ருசியைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் சதி செய்யவில்லை. கேட்கப்படாததால் அது மெல்ல நழுவியது.

எப்படி நழுவியது என்பதற்கு அருமையான ஓர் உதாரணம் உண்டு. பழைய தக்காளி ரகங்களில் காய் பச்சையாக இருக்கும்போது காம்பைச் சுற்றித் தோள்பகுதி மட்டும் கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பிறகும் அங்கே கொஞ்சம் பச்சையோ மஞ்சளோ தங்கிவிடும். சந்தைக்கு அது பிடிக்கவில்லை. முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ஒரு திடீர்மாற்றச் செடி கிடைத்ததும், வளர்ப்பாளர்கள் சுமார் 70 ஆண்டுகள் அதையே தேர்ந்தெடுத்து எல்லா ரகங்களிலும் சேர்த்தார்கள். 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அந்த மாற்றம் எந்த மரபணுவில் நடந்தது என்று காட்டியது. பழத்துக்குள் பச்சையத்தை உருவாக்க உதவும் மரபணு அது. அந்தக் கரும்பச்சைத் தோள் வெயிலில் தானே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அழகுக்காக அதை எடுத்தபோது இனிப்பிலும் ஒரு பகுதி போய்விட்டது. எனக்கு இதைப் படித்ததிலிருந்து தோளில் பச்சை தங்கிய தக்காளியைப் பார்த்தால் தனிப் பிரியம்.

இனிப்பை விட முக்கியமானது மணம். தக்காளியின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுப்பைப் படித்து, பழைய ரகங்களோடு ஒப்பிட்டால் இன்றைய வணிக ரகங்களில் ருசியோடு தொடர்புள்ள 13 வாசனைச் சேர்மங்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். இவை பழத்தில் மிக மிக நுண்ணிய அளவில் இருப்பவை. கண்ணுக்குத் தெரியாது, எடையில் தெரியாது. மகசூலை மட்டும் அளந்துகொண்டிருப்பவருக்கு அவை போனதே தெரியாது.

இன்னொரு எளிய காரணம் இலை. பழைய தக்காளிகளில் பல கொடி போல வளர்ந்துகொண்டே போகும். இலை அதிகம், பழம் குறைவு. சர்க்கரை தயாரிப்பது இலைதானே? ஒரு பழத்துக்கு எத்தனை இலை உழைக்கிறது என்பது நாக்கில் தெரியும். குட்டைச் செடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்போது அதே சர்க்கரை பல பழங்களுக்குப் பங்காகிவிடுகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துத் தக்காளி ருசிப்பதற்கு ரகம் மட்டும் காரணமில்லை. செடியிலேயே பழுக்கவிட்டுப் பறிக்கிறோம், அன்றே தின்கிறோம். அதே மரபு ரகத்தைப் பச்சையாகப் பறித்து, குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டுத் தின்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குளிரில் அந்த வாசனைச் சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், எந்த ரகமானாலும்.

பழையது என்பதாலேயே ருசி நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ரெட் டெலிஷியஸ் ஆப்பிள்தான் இதற்குச் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவாவில் ஜெஸ்ஸி ஹையட் என்பவரின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. அவர் வைத்த பெயர் ‘ஹாக்கை’. சிவப்பும் மஞ்சளும் கலந்த வரியோடு, நல்ல இனிப்போடு இருந்தது. ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணை அதை வாங்கி ‘டெலிஷியஸ்’ என்று பெயர் மாற்றியது. பிறகு மரத்தில் ஏதாவது ஒரு கிளையில் இன்னும் சிவப்பான பழம் தோன்றினால் அந்தக் கிளையையே ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். இப்படிச் சிவப்பு, மேலும் சிவப்பு என்று போய், தோல் தடித்து, சதை மாவாகி, கடைசியில் பார்க்க மட்டும் அழகான பழமாக அது மாறியது. பெயர் அதேதான், கொடி வழியும் அதேதான், கேட்ட கேள்வி மட்டும் மாறிவிட்டது.

நிறமும் வடிவமும்

கறுப்புத் தக்காளி என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ‘செரோக்கி பர்ப்பிள்’ அதில் பேர்போனது. சிவப்பும் கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம். அதில் தனியாகக் கறுப்பு நிறமி ஒன்றும் இல்லை. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் அழிந்து சிவப்பு லைக்கோபீன் சேரும். இதில் பச்சையம் முழுக்க அழியாமல் தங்கிவிடுகிறது. பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் நம் கண்ணுக்குப் பழுப்பு. இளஞ்சிவப்புத் தக்காளியின் ரகசியம் இன்னும் எளிது: சதை சிவப்புதான், தோலில் மட்டும் மஞ்சள் நிறமி இல்லை. மஞ்சள் தோல் மூடினால் செந்நிறம், நிறமில்லாத தோல் மூடினால் இளஞ்சிவப்பு. உரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேரட்டும் அப்படித்தான். மத்திய ஆசியப் பகுதியில் முதலில் பயிரானவை ஊதாவும் மஞ்சளும். ஆரஞ்சு பின்னால் வந்தது, ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தினார்கள். இன்று ஊதா கேரட்டைப் பார்த்து “இது என்ன புதுசா?” என்று கேட்கிறோம். அதுதான் மூத்தது.

பழமரங்களின் கணக்கு தனி

காய்கறியில் விதைதான் வாரிசு. ஆப்பிள், பேரி போன்ற மரங்களில் அப்படி இல்லை. ஒரு ஆப்பிளுக்குள் ஐந்து விதை இருந்தால் ஐந்தும் ஐந்து விதமான மரங்களாகும், எதுவும் தாயைப் போல இருக்காது. பிடித்த மரத்தை அப்படியே தொடர வேண்டும் என்றால் அதன் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியாக வேண்டும். இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஒரு ஆப்பிள் விதையை ஊன்றினாள். அதில் வந்ததுதான் ‘பிராம்லி’, அந்த நாட்டின் புகழ்பெற்ற சமையல் ஆப்பிள். இன்று உலகில் உள்ள ஒவ்வொரு பிராம்லி மரமும் அந்த ஒரே மரத்தின் கிளையிலிருந்து கிளை கிளையாக வந்தது. கென்டில் உள்ள பிராக்டேல் பழத்தோட்டத்தில் இப்படி 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒட்டுக்கட்ட மறந்த ரகங்கள் அந்த மரங்களோடு முடிந்துபோயின.

பெயர்களுக்குள் இருக்கும் மனிதர்கள்

எனக்கு மரபு ரகங்களில் ருசிக்குச் சமமாகப் பிடித்தது பெயர்கள். ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’ என்றொரு தக்காளி, அடமானம் மீட்ட தக்காளி என்று சொல்லலாம். 1930களில் மேற்கு வர்ஜீனியாவில் ‘ரேடியேட்டர் சார்லி’ என்று அழைக்கப்பட்ட எம். சி. பைல்ஸ், லாரி ரேடியேட்டர் பழுதுபார்ப்பவர், தாவரவியல் படிப்பு எதுவும் இல்லாதவர். பெரிய பழம் தரும் ஒரு தக்காளிச் செடியை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு ரகங்களை வட்டமாக நட்டு, சுற்றியிருந்த செடிகளின் மகரந்தத்தை நடுச்செடிக்குச் சேர்த்தார். ஒவ்வொரு ஆண்டும் சிறந்த நாற்றை நடுவில் வைத்து அதையே திரும்பச் செய்தார். ஆறு ஆண்டு உழைப்பில் அவருக்குப் பிடித்த தக்காளி கிடைத்தது. நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்று 6,000 டாலர் வீட்டுக்கடனை அடைத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரித்துக்கொண்டே கேட்கக்கூடியது இல்லை. ‘செரோக்கி ட்ரெயில் ஆஃப் டியர்ஸ்’ என்று ஒரு கொடி பீன்ஸ், செரோக்கிகளின் கண்ணீர்ப் பாதை என்று சொல்லலாம். விதை பளபளவென்று கறுப்பாக இருக்கும். 1838, 1839 ஆண்டுகளில் அமெரிக்க அரசு செரோக்கி என்ற பழங்குடி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தி, நூற்றுக்கணக்கான மைல்கள் மேற்கே நடக்க வைத்தது. வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் கொண்டுபோன விதையின் வழிவந்தது இது என்கிறார்கள். செரோக்கி வம்சாவளியைச் சேர்ந்த ஜான் வைச் என்ற பல் மருத்துவர் 1970களில் அதை மற்றவர்களோடு பகிர்ந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகச் சொன்ன நாளில் ஒருவர் விதையை முடிந்து எடுத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போது, அந்தக் கறுப்பு விதையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கத்தான் தோன்றும்.

ஒரே ரகத்தை நம்பினால்

சரி, ருசியும் கதையும் தனி மனிதர்களின் ஆசை என்று வைத்துக்கொண்டாலும், பல ரகங்கள் உயிரோடு இருப்பதில் எல்லோருக்கும் பொதுவான ஒரு தேவை இருக்கிறது. 1845இல் அயர்லாந்தின் ஏழைகள் உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள், அதிலும் பெரும்பகுதி ‘லம்பர்’ என்ற ஒரே ரகம். கிழங்கை வெட்டி நடுவதால் ஒவ்வொரு செடியும் மற்றதன் அச்சுப்பிரதி. கருகல் நோய் வந்தபோது ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகவில்லை. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். ஆட்சியின் கொடுமையும் அதில் சேர்ந்திருந்தது, நோய் மட்டும் இவ்வளவு செய்திருக்காது. லம்பரும் பழைய ரகம்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரே ரகமாக இருந்ததுதான் சிக்கல்.

வாழையிலும் இதே பாடம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது ‘குரோ மிஷெல்’. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பனாமா வாடல் நோயில் அதன் தோட்டங்கள் அழிய, 1950, 60களில் ‘கேவண்டிஷ்’ அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அந்த நோயின் புதிய வகை ஒன்று கேவண்டிஷையும் தாக்குகிறது. அமெரிக்காவில் 1970இல் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழி மரபுக்கூறைக் கொண்டிருந்ததால், இலைக்கருகல் நோயில் ஒரே ஆண்டில் சுமார் 15 சதவீத விளைச்சல் போயிற்று. ஒவ்வொரு முறையும் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், யாரும் கவனிக்காத பழைய ரகத்திலோ காட்டுச் செடியிலோதான் அது கிடைக்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் உணர்ந்தவர்களில் ஒருவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ். கண்டம் கண்டமாகப் போய் விதை சேர்த்து லெனின்கிராடில் விதைக் களஞ்சியம் அமைத்தார். ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி 1943இல் சிறையில் இறந்தார். அதே காலத்தில் லெனின்கிராட் ஜெர்மன் படைகளின் முற்றுகையில் சிக்கியிருந்தது. அவருடன் வேலை பார்த்தவர்கள் அரிசி, கோதுமை, பட்டாணி, கிழங்கு எல்லாம் சுற்றிலும் இருக்க, அவற்றை உண்ணாமல் காவல் காத்தார்கள். அவர்களில் பலர் பட்டினியால் இறந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் அடங்குவதில்லை.

இன்று நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் இயங்கும் உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. மலைக்குள் மைனஸ் 18 டிகிரியில் விதைகளைக் காக்கிறது. சிரியாவில் போர் மூண்டு அலெப்போவின் விதை வங்கிக்குப் போக முடியாமல் ஆனபோது, 2015இல் முதல்முறையாக இந்தப் பெட்டகத்திலிருந்து விதை திரும்ப எடுத்தார்கள். பெட்டகம் கட்டாயம் வேண்டும். ஆனால் உறைந்திருக்கும் விதை வெளியே மாறும் வெயிலையும் மழையையும் கற்றுக்கொள்ளாது. மண்ணில் ஆண்டுதோறும் முளைக்கும் விதைதான் கற்றுக்கொள்ளும். அதற்குத் தோட்டக்காரர்கள் வேண்டும். அமெரிக்காவில் 1975இல் கென்ட் வீலி, டயான் ஆட் வீலி தம்பதி தொடங்கிய ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ அப்படி உருவானதுதான். டயானின் தாத்தா கொடுத்த ஒரு தக்காளி விதையும் ஒரு பூங்கொடி விதையும்தான் அதற்குத் தூண்டுதல். அந்தத் தாத்தாவின் பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த விதைகள் அவை.

குறைகளும் உண்டு

மரபு ரகம் வளர்க்கத் தொடங்கி முதல் ஆண்டிலேயே மனம் உடைந்து விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். பல ரகங்களில் மகசூல் குறைவு. பெரிய பழத் தக்காளிகள் மழைக்குப் பின் வெடிக்கும், கோணலாக வரும், தோல் மெல்லியது என்பதால் பறித்த இரண்டு மூன்று நாளில் தின்றாக வேண்டும். வாடல் நோய், நூற்புழு போன்றவற்றுக்கு ஹைப்ரிட்களில் திட்டமிட்டுச் சேர்த்த எதிர்ப்பு இவற்றில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் மண்ணில் அந்த நோய் இருந்தால் ஹைப்ரிட்டே வளருங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்னொன்று: ஒரு ரகம் எங்கோ குளிர்ப்பகுதியில் பிரமாதமாக வந்தது என்பதற்காக உங்கள் வெயிலிலும் வரும் என்று சொல்ல முடியாது. கதையைப் பார்த்து விதை வாங்காதீர்கள், உங்கள் தட்பவெப்பத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சத்து அதிகம் என்று சொல்கிறார்களே? 2004இல் டொனால்ட் டேவிஸும் சக ஆய்வாளர்களும் 43 காய்கனிகளின் 1950, 1999 ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டார்கள். புரதம், கால்சியம், இரும்பு உள்ளிட்ட ஆறு சத்துகள் சராசரியாகக் குறைந்திருந்தன. அதிக மகசூலுக்காக ரகங்களைத் தேர்ந்தெடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரபு ரகமும் மருந்து என்று சொல்வது அதிகப்படி. ருசிக்காகச் சாப்பிடுங்கள், அது போதுமான காரணம்.

எங்கிருந்து தொடங்குவது?

தன் மகரந்தத்தால் தானே காய்க்கும் செடிகளில் தொடங்குங்கள்: தக்காளி, பீன்ஸ், பட்டாணி, கீரை வகையில் லெட்யூஸ். பூ திறக்கும் முன்பே இவற்றில் பெரும்பாலும் சேர்க்கை முடிந்துவிடும், பக்கத்துச் செடியோடு கலக்கும் வாய்ப்பு குறைவு. பூசணி, வெள்ளரி, மக்காச்சோளம், முட்டைக்கோஸ் குடும்பம் இவையெல்லாம் கலந்துகொண்டே இருப்பவை. நான் ஒரு முறை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூசணி ரகம் போட்டு விதை எடுத்தேன். அந்த ஆண்டு காய்கள் சரியாகவே இருந்தன, கலப்பு காயில் தெரியாது. அடுத்த ஆண்டு வந்த காய் இரண்டின் நிறமும் இல்லாமல், சதையும் நாராக இருந்தது. பூசணிக் குடும்பத்தில் இப்படிக் கலந்து வந்த காய் கசந்தால் கட்டாயம் தின்னக் கூடாது. அந்தக் கசப்பு நஞ்சு. ரகத்தைச் சுத்தமாக வைக்க விரும்பினால் முந்தைய மாலையே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, காலையில் திறந்து கையால் சேர்த்து, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிட வேண்டும்.

தக்காளிக்கு வேலை எளிது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து, இரண்டு மூன்று நாள் மூடிவையுங்கள். புளித்து மேலே ஒரு ஏடு படியும், வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறை அதில் கரைகிறது, முளைப்பைத் தடுப்பது அதுதான். நாள் கடந்தால் கிண்ணத்திலேயே முளைத்துவிடும் என்பதால் கவனம். பிறகு தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும். வடிகட்டி, தட்டில் பரப்பி, நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தது குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் நான்கைந்து ஆண்டு தாங்கும். வெங்காய விதை அப்படி இல்லை, ஓராண்டுக்குமேல் நம்ப முடியாது.

எந்தப் பழத்தில் விதை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நல்லதையெல்லாம் தின்றுவிட்டு, மிச்சம் மீதியில் விதை எடுப்பார்கள். அப்படி நான்கு ஆண்டு செய்தால் மிச்சம் மீதி ரகம்தான் கையில் இருக்கும். பருவத்தின் நடுவில், நோயில்லாத செடியில், எது தின்ன ஆசையாக இருக்கிறதோ அதற்கு ஒரு நாடா கட்டிவிடுங்கள். ஒரு செடியில் மட்டும் எடுக்காமல் நான்கைந்து செடிகளிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள்.

விதை உறையின் மேல் ரகத்தின் பெயர், எடுத்த ஆண்டு, யார் கொடுத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. பீன்ஸ் விதை என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் வண்டு செத்துவிடும். இதை நான் தெரிந்துகொண்டது விலை கொடுத்துத்தான். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கொடி பீன்ஸின் விதையைப் புட்டியில் போட்டு வைத்திருந்தேன். விதைக்க எடுத்தபோது ஒவ்வொன்றிலும் ஓட்டை, அடியில் மாவு. ஒன்றுகூட முளைக்கவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் ஒரு தோழிக்குப் பாதி விதை கொடுத்திருந்தேன், கொடுத்ததையே மறந்திருந்தேன். கேட்டதும் அவர் நான் கொடுத்த அதே காகித உறையில் ஒரு பிடி விதையைப் போட்டு அனுப்பினார். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: “எட்டடிக்கு மேல் ஏறுகிறது, கொம்பை உயரமாக நடவும்.”